அக்கா மலை ஏறக் கூடாது

என் அக்காவின் வலது கணுக்காலை உடைத்தது நான்தான். படியில் வழுக்கி விழுந்தாள் என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருக்கிறது. அது அவளே சொல்லி எழுத வைத்தது. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் அவள் குடியிருக்கும் கட்டடத்தின் படிக்கட்டில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், மலைக்குப் போகக் கட்டி வைத்த பையின் ஒரு வார் என் கையிலும் இன்னொரு வார் அவள் கையிலும் இருக்க, நான் தள்ளினேன். தெரிந்துதான் தள்ளினேன்.

எங்களைத் தெரியாதவர்களுக்கு இது கொடூரமாகத் தெரியும். தெரிந்தவர்களுக்கும் அப்படித்தான். ஒரே அறை கொண்ட வீட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த வீட்டில் அடி என்பது பேச்சில் ஒரு வகை. அப்பா அம்மாவை அடித்தார், அம்மா எங்களை அடித்தாள், எங்களுக்கு அடிக்க வேறு ஆள் இல்லாததால் நாங்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டோம். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகி, எனக்கு அது முறிந்தும் போய், அதற்கப்புறமும் சண்டை நிற்கவில்லை. ஒரே ஒரு சட்டம் மட்டும் இருந்தது. எனக்கு ஒன்பது வயதில் அக்கா எறிந்த பித்தளைச் சொம்பு என் நெற்றியைப் பிளந்து ஏழு தையல் போட்டார்கள். அன்றைக்கு அவள் பயந்த பயத்தில், இனிமேல் தலையில் மட்டும் அடிப்பதில்லை என்று நாங்களே பேசி முடிவு செய்தோம். முடியைப் பிடித்து இழுக்கலாம், அது இதில் சேராது. நாற்பதைத் தாண்டிய பிறகும் அந்தச் சட்டத்தை இரண்டு பேரும் மீறியதில்லை.

தொம்மலூரில் எனக்கு ஒரு சின்ன பியூட்டி பார்லர் இருக்கிறது. சுற்றி இருக்கும் ஆபீஸ் பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்து புருவம் திருத்திக்கொண்டு ஓடுவார்கள். நூலின் ஒரு முனையைப் பல்லால் கடித்து, இரண்டு கை விரல்களிலும் முறுக்கிப் பிடித்து, ஒவ்வொரு முடியாகப் பிடுங்குகிற வேலை. மூன்று வருடத்துக்கு முன் ஸ்கூட்டரில் வரும்போது ஒரு தண்ணீர் லாரி உரசிக் கீழே விழுந்தேன். எலும்பு எதுவும் உடையவில்லை. தோளில் நரம்பு இழுபட்டுவிட்டது. வலது கை ஈரத் துணி மாதிரி தொங்கியது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். ஏழு மாதம் அக்காதான் எனக்குத் தலை வாரினாள், ரவிக்கைக்குக் கொக்கி மாட்டினாள். மாட்டும்போதே முதுகில் ஒரு குத்து விடுவாள்.

"ஒழுங்கா நில்லுடி, எருமை."

நான் இடது கையால் திருப்பிக் குத்துவேன்.

எட்டாவது மாதம் என் சுண்டுவிரல் அசைந்தது. அன்றைக்குத்தான் அவள் விஷயத்தைச் சொன்னாள். பர்வதமலைக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாளாம். என் கை வந்துவிட்டால் மலை ஏறி, உச்சியில் இருக்கும் லிங்கத்துக்குத் தன் கையாலேயே தண்ணீர் ஊற்றுவதாக. அங்கே ஏறி வந்தவர் யாராக இருந்தாலும் தாமே ஊற்றலாம் என்பது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. திருவண்ணாமலைப் பக்கம் காட்டுக்கு நடுவில் நிற்கிற மலை அது. பாதிக்கு மேல் படி கிடையாது. பாறையில் அடித்து வைத்த கடப்பாறையையும் சங்கிலியையும் பிடித்துத்தான் ஏற வேண்டும். பெங்களூரிலிருந்து விடிவதற்கு முன் கிளம்பினால் ஒரே நாளில் ஏறி இறங்கித் திரும்பிவிடலாம்.

என் கை முழுசாக வந்தது. வேண்டுதல் மட்டும் இந்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போனது. அதற்குள் அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது.

அதை முதலில் கண்டுபிடித்தவள் நான். ஒரு சண்டையின் நடுவில்தான். கரண்டியால் என் தோளில் இரண்டு அடி போட்டவள், மூன்றாவதற்குக் கையை ஓங்கி, அப்படியே அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்து திறந்து மூடினாள். "இருடி, வரேன்," என்றாள். நானும் தோளைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவள் வரவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். நாற்பது வருடமாக அவளிடம் அடி வாங்கியதில் அந்த விழாத அடிக்குத்தான் நான் நடுங்கினேன்.

சின்ன வயதில் வந்து போன மூட்டுக் காய்ச்சல் இதயத்தின் ஒரு வால்வைச் சுருக்கி வைத்திருக்கிறது என்றார் டாக்டர். தொடை வழியாகக் குழாய் விட்டு, பலூனால் விரிக்க வேண்டும். ஆறு வாரம் தள்ளித் தேதி கொடுத்தார்கள். அக்கா அவரிடம் கேட்ட ஒரே கேள்வி, மலை ஏறலாமா என்பது.

"பலூன் ஆகட்டும். மூணு மாசம் போகட்டும். அப்புறம் மெதுவா ஏறுங்க," என்றார் டாக்டர். "இப்ப ஏறினீங்கன்னா உங்கள பாதியில இருந்து தூக்கினு வரணும்மா."

வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில் அவள் சொன்னாள்: "பலூனுக்கு முன்னாடியே ஏறிடணும்."

எனக்குக் காதில் சரியாகத்தான் விழுந்தது. ஆனாலும் என்ன என்று கேட்டேன்.

"டேபிள்ல படுத்து நான் போய்ட்டேன்னு வெச்சிக்கோ. வேண்டுதல் அப்படியே நின்னுடும். சாமி குடுத்தத திருப்பி எடுத்துக்கும். உன் கை மறுபடியும் தொங்கும்."

"தொங்கட்டும். நான் ஏறி ஊத்திட்டு வரேன், போதுமா?"

"வாயால சொன்னவ நான். நான்தான் காலால ஏறணும்."

தொடையில் கிள்ளினேன். கிள்ளலில் ஆரம்பித்து, பானஸ்வாடி ரோட்டில் ஆட்டோ குலுங்கும் அளவுக்குப் போனது. டிரைவர் ஓரம் கட்டினார். "சண்ட போடறதுன்னா இறங்கிப் போடுங்கம்மா, வண்டி என்து," என்றார். இறங்கிப் போட்டோம். பாதிச் சண்டையில் அவள் பஸ் ஸ்டாப் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். நான் அவள் பையிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குடித்து முடித்ததும் அந்தப் பாட்டிலாலேயே என்னை அடித்தாள்.

அக்கா புருஷன், என் மாமா, வாடகைக் கார் ஓட்டுகிறவர். எங்கள் குடும்பத்தில் கை ஓங்கத் தெரியாத ஒரே ஆள். அவள் ஒற்றைக்காலில் நிற்கிறாள் என்று தெரிந்ததும் அவர் எதிர்க்கவில்லை, திட்டம் போட உட்கார்ந்துவிட்டார். கிழித்த காலண்டர்த் தாளின் பின்பக்கம் எழுதினார். பௌர்ணமி வேண்டாம், கூட்டம். சனிக்கிழமை. ஓசூர், கிருஷ்ணகிரி, செங்கம். கிருஷ்ணகிரியில் இட்லி. காட்டு இலாகா கேட் திறந்ததும் ஏற்றம். பத்து நிமிடத்துக்கு ஒருதரம் உட்கார வேண்டும். குளுக்கோஸ், மாத்திரை, குரங்கை விரட்டக் கம்பு. குழாயில் வருகிற காவேரித் தண்ணீர் ஒரு பாட்டில், ஊற்றுவதற்கு. கடைசி வரியில், ஆள் மூணு.

நான் வாங்கிப் படித்துவிட்டு நாலாகக் கிழித்தேன். மறுநாள் இன்னொரு தாளில் எழுதினார். அதையும் கிழித்தேன். மூன்றாம் தடவை போனில் ஏற்றிக்கொண்டார்.

"பாதி வரைக்கும் போய் பாப்போம் பாப்பா. முடியலன்னா திரும்பிடலாம்," என்றார் என்னிடம்.

"உங்க பொண்டாட்டி பாதியில திரும்பறவளா மாமா?"

அவர் போனைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் பயம்தான். அவளை மறுத்துப் பேசுகிற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மலை ஏறப் போகிறவர்கள் ஒரு மாதம் தினமும் மாடிப்படி ஏறிப் பழக வேண்டும் என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். ஆரோக்கியமாக இருக்கிறவர்களுக்குச் சொன்னது. இவள் அதைப் பிடித்துக்கொண்டாள். ஒரு காலையில் நான் போனபோது வீடு திறந்து கிடந்தது, ஆளைக் காணோம். மேலே ஏறிப் பார்த்தால் மூன்றாவது மாடித் திருப்பத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். மடியில் ஐந்து லிட்டர் தண்ணீர் கேன். சுமையோடு பழகுகிறாளாம். உதடு நீலம் பாய்ந்திருந்தது. கழுத்து நரம்பு துடிப்பது எட்டி நின்றே தெரிந்தது.

எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கேனை எட்டி உதைத்தேன், அது படிப்படியாக உருண்டு கீழே போய் வெடித்தது. அவள் தோளிலும் முதுகிலும் கை வலிக்கும்வரை அடித்தேன். நகர முடியாதவளை அடித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அவள் மூச்சு கொஞ்சம் வந்ததும் என் மணிக்கட்டைக் கடித்தாள். பல் இறங்கி ரத்தம் வந்தது. எதிர் வீட்டுப் பெண் கதவைத் திறந்து, என்னம்மா இது என்று கன்னடத்தில் கேட்டாள். "ஏனில்லா அக்கா, சும்னே," என்றாள் என் அக்கா, என் ரத்தத்தை வாயிலிருந்து துடைத்துக்கொண்டே. ஒன்றுமில்லையாம், சும்மாவாம்.

அடுத்த வாரம் அவள் புது ஷூ வாங்கியிருந்தாள். வாழ்க்கையில் முதல் ஷூ. ஊதா நிறம், லேஸ் கட்டத் தெரியாமல் மாமாவிடம் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று பார்த்தாள். அவள் குளிக்கப் போன நேரத்தில் பார்லர் கத்தரிக்கோலால் இரண்டையும் நெடுக வெட்டிப் போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் மத்தியானம் பார்லரில் ஒரு பெண்ணுக்கு ஒரு புருவம் முடித்து இன்னொன்றைத் தொடும் நேரத்தில் அக்கா உள்ளே வந்தாள். என் முடியைக் கொத்தாகப் பிடித்து நாற்காலியைச் சுற்றி இழுத்தாள். நூல் என் பல்லில் இருந்தது, உதடு கிழிந்தது. வேக்ஸ் டப்பா கவிழ்ந்து என் புறங்கால் வெந்தது. நானும் அவள் இடுப்பில் முழங்கையால் இடித்தேன். ஒற்றைப் புருவத்தோடு அந்தப் பெண் வெளியே ஓடினாள். நல்ல வாடிக்கை, அப்புறம் வரவே இல்லை. இரண்டு சுற்றுக்கு மேல் அக்காவால் இழுக்க முடியவில்லை. பிடித்த முடியை விடாமலே நின்று மூச்சு வாங்கினாள்.

"வேற வாங்கியாச்சு. அதையும் வெட்டு. வெறுங்காலோட ஏறுவேன்."

அப்போதுதான் இவளைத் தடுக்கப் பேச்சும் போதாது, அடியும் போதாது என்று புரிந்தது. அன்றைக்கு ராத்திரி முழுக்க அழுதேன். கோபத்தில்தான் அழுதேன். எனக்காகச் சாகப் போகிறேன் என்று ஒருத்தி கிளம்பினால் அவளை வெறுக்காமல் இருக்க முடியாது. நான் வெறுத்தேன்.

வெள்ளிக்கிழமை மாமா டீசல் போடப் போயிருந்தார். கிளம்ப இன்னும் எட்டு மணி நேரம். பை வாசலில் தயாராக இருந்தது. தூக்கிக்கொண்டு இறங்கி ஓடினேன். மாத்திரையும் தண்ணீரும் அதில்தான் இருந்தன. அது இல்லாமல் கிளம்ப மாட்டாள் என்று ஒரு முட்டாள்தனமான எண்ணம். ஐந்தாறு படி இறங்குவதற்குள் அவள் பின்னால் வந்து ஒரு வாரைப் பிடித்துவிட்டாள். இழுத்துக்கொண்டே திருப்பம் வரை வந்தோம். அங்கே அவளை என் முன்னால் சுற்றி நிறுத்தினேன். அவள் முதுகுக்குப் பின்னால் அடுத்த படிகள் இறங்கின. கருங்கல் படி, ஓரம் கத்தி மாதிரி இருக்கும்.

அவள் முகத்தில் வேர்வை. வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினாள்.

"விடுடி. உனக்காகத்தாண்டி."

அந்த வார்த்தைதான். கீழே பார்த்தேன். அவள் வலது பாதம் படி ஓரத்தில் பாதி தொங்கிக்கொண்டிருந்தது. இந்தக் கால் உடைந்தால் நாளைக்கு மலை இல்லை என்று நினைத்தேன். வாக்கியமாகவே நினைத்தேன். பிறகு தள்ளினேன். அவள் வாரை விடவில்லை, என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனாள். விறகு முறிகிற சத்தம் கேட்டது. விழுந்து நின்றபோது நான் அவள் மேல் கிடந்தேன். அவள் கத்தவில்லை. என்னைப் பார்த்தாள். பாட்டில் உடைந்து காவேரித் தண்ணீர் எங்கள் இரண்டு பேரையும் நனைத்தது.

அவள் கழுத்து முறிந்திருக்கலாம், அந்த அதிர்ச்சியில் இதயம் நின்றிருக்கலாம். இதெல்லாம் எனக்கு ஆம்புலன்சில்தான் தோன்றியது. தோன்றியதும் வாந்தி எடுத்தேன்.

எமர்ஜென்சியில் நர்ஸ் எப்படி விழுந்தீங்க என்று கேட்டாள். வழுக்கிட்டேன் என்றாள் அக்கா. நர்ஸ் என்னைப் பார்த்தாள். "உங்களுக்கும் அடிபட்டிருக்கே," என்று என் வலது கையைத் திருப்பினாள். புறங்கை முட்டி நான்கிலும் தோல் உரிந்து, ஒன்றில் உள்ளே எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. சுவரில் உரசியிருக்கும் என்றேன். எனக்கு அது வலிக்கவே இல்லை.

மாமா வந்தார். அக்காவின் காலைப் பார்த்தார். என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். முதல்முறையாக அவர் கை மேலே போனதைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. திறந்தபோது அந்தக் கையைத் தன் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டிருந்தார்.

"போலீஸ்ல குடுத்திருப்பேன். அவ வேணாங்கறா. இனிமே என் வீட்டுப் படி ஏறாத."

சரி என்றேன். அவர் இடத்தில் நான் இருந்தால் அடித்துமிருப்பேன், போலீசிலும் கொடுத்திருப்பேன்.

சனிக்கிழமை அவள் மலையில் இல்லை. கால் நிறைய மாவுக்கட்டோடு கட்டிலில் இருந்தாள். குறித்த தேதியில், அந்தக் கட்டோடேயே, பலூன் வைத்தார்கள். எனக்கு உள்ளே இடமில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரில் டீக்கடையில் காலை எட்டு மணியிலிருந்து நின்றேன். ஐந்து டீ குடித்தேன். மத்தியானம் மாமாவிடமிருந்து மெசேஜ் வந்தது. முடிஞ்சது, நல்லா இருக்கா. அவ்வளவுதான். டீக்கடைக்காரர் ஸ்டூலை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அந்த அளவுக்கு அழுதேன்.

இரண்டு மாதம் ஆயிற்று. ஒரு நாள் போன் வந்தது. "வாடி. அவர் ஏர்போர்ட் டிரிப்புல இருக்கார்."

போனேன். அவள் சமையலறையில் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கட்டு எடுத்துவிட்டார்கள், கால் கொஞ்சம் கோணலாக ஊன்றினாள். பிரிட்ஜில் காந்தம் வைத்து ஒரு காலண்டர்த் தாள் ஒட்டியிருந்தது. மாமாவின் கையெழுத்து. டாக்டர் சரி சொன்ன பிறகு, தை மாதம், சனிக்கிழமை. கிருஷ்ணகிரியில் இட்லி. கடைசி வரியில், ஆள் மூணு. அந்த மூன்றை நான் இரண்டு தடவை படித்தேன்.

நின்றுகொண்டே சொன்னேன். "நான் வேணும்னேதான் தள்ளினேன். கால் உடையட்டும்னு."

"தெரியும்," என்றாள், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "எந்தக் கையால தள்ளின?"

யோசித்தேன். "எடது."

"வலது கை எங்க இருந்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை. பையில் இருந்திருக்கும் என்றேன்.

"என் தலைக்குப் பின்னாடி இருந்துச்சு. தள்ளும்போதே வந்து பிடிச்சிகிச்சு. படி ஓரத்துல என் மண்ட இடிக்கல, உன் கை இடிச்சுது. டம்முனு சத்தம் எனக்குக் காதுல கேட்டுச்சு."

கத்தியை வைத்துவிட்டு என் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். முட்டிகளில் தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்தினாள். "மலைக்குச் சொல்லி வாங்கின கை," என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம் என்று நான் வைத்துக்கொண்டேன்.

பிறகு கையை விட்டுவிட்டுக் கரண்டியை எடுத்தாள்.

"திரும்புடி. இது என் காலுக்கு."

திரும்பி முதுகைக் காட்டினேன். ஒன்று வைத்தாள். இரண்டு. மூன்று. எரிந்தது. நான்கு, ஐந்து. எல்லாம் பழைய பலத்தோடு விழுந்தன. அடியை எண்ணிக்கொண்டே, பின்னால் அவள் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏழாவது அடி வரை அவளுக்கு மூச்சு வாங்கவே இல்லை.